இருபத்தொரு மூலங்கள்

மருந்துக்கடைக்காரப் பெண்மணி என் வீட்டுக்கு முதன்முறையாக வந்தபோது நான் ஓர் அந்தாதிக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டின் இறுதிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல்லாக வரவேண்டும். அச்சுக்கோத்தவர் ஓரிடத்தில் அதைத் தவறவிட்டிருந்தார். அப்போது மாலை நான்கு மணி. "யாரு வேணும்?" என்று நான் கேட்டபோது குரல் கரகரத்து உடைந்தது. காலையிலிருந்து நான் யாரிடமும் ஒரு சொல் பேசியிருக்கவில்லை என்பது அந்தக் கரகரப்பினால்தான் எனக்கே தெரிந்தது. காலைத் துதியையும் மனைவி மறைந்த பிறகு வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்க ஆளில்லாத வீட்டில் உதடு மட்டும் அசைந்து ஓய்ந்துவிடும்.

"நீங்கதானே ஊசி அண்ணனோட அண்ணன்?" என்றார் அவர்.

ஊசி என்பது என் தம்பி. இசைத்தட்டு சுழலும்போது ஊசியின் மேலிருந்து கையை எடுக்கமாட்டான் என்று நண்பர்கள் வைத்த பெயர் அது. இப்போது அவன் ஆறு மணி நேர ரயில் பயணத்துக்கு அப்பால் ஒரு நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கிறான். இழவு வீடுகளில் சந்தித்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வோம். முப்பத்தோர் ஆண்டுகளாக எங்கள் உறவு அந்த அளவில் நிற்கிறது.

பெண்மணி அட்டை உறையிலிருந்த ஒரு குறுந்தகட்டை என் மேசைமேல் வைத்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருபது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறாராம். கல்லூரிக் காலத்தில் கைக்குக் கை மாறி அவரிடம் ஒரு கேசட் வந்ததாம். பாடலில்லாத, சொல்லேயில்லாத ஹிப்-ஹாப் இசை. பழைய இசைத்தட்டுகளிலிருந்து இரண்டு நொடி, மூன்று நொடி ஒலிகளைச் சாம்ப்ளர் என்னும் இயந்திரத்தில் கவ்வியெடுத்து, அவற்றைச் சுழலவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் செய்தது. செய்தவர்கள் நால்வர், நால்வருக்கும் ஒரே இயந்திரம், ஒரே இசைத்தட்டுப் பெட்டி. அந்த நால்வரில் என் தம்பி ஒருவன். சிதறிக் கிடந்த கேசட்டுகளை ஆறு ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்துப் பதினொரு துண்டுகளைத் தொகுத்திருக்கிறார். முந்நூறு படிகள் வெளியிடப் போகிறார். அதனோடு சேரும் சிறு நூலுக்கு ஓர் அணிந்துரை வேண்டும்.

"யாரு எழுதணும்னு அவர்கிட்டயே கேட்டேன் சார். ரெண்டு நாள் பதிலே இல்ல. அப்புறம் ஒரே வரி அனுப்பினாரு. 'அண்ணன் எழுதுவானான்னு கேளுங்க.' அவ்வளவுதான்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை. மூன்று வாரத்தில் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, இதை எப்படிக் கேட்கவேண்டும் என்று வினவினேன்.

"மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார், கடையில் சொல்கிற அதே முகத்தோடு. "முதல் ரெண்டு நாள் தலை சுத்தும். பயந்து நிறுத்திடாதீங்க."

அந்தத் தட்டுப்பெட்டி என் தந்தையினுடையது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்திருந்தது என்பதைப் பின்னால் அறிந்தேன்.

என் தந்தை வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். கடையில் நாள் முழுதும் இசைத்தட்டு சுழலும். நூற்று நாற்பது தட்டுகள் அவரிடம் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவட்டத் தாளிலும் வாங்கிய தேதியையும் தம் தீர்ப்பையும் நீல மையில் பொடி எழுத்தாக எழுதிவைப்பார். 'நன்று.' 'பரவாயில்லை.' 'இரண்டாம் பக்கம் மட்டும்.' ஒன்றில் 'விற்றவன் உருப்படமாட்டான்' என்றுகூட இருக்கும். பதினான்கு வயதில் நான் அந்தப் பெட்டிக்கு அகரவரிசைப் பட்டியல் எழுதினேன். தலைப்பு, வெளியிட்டவர், வரிசை எண், அப்பாவின் தீர்ப்பு என நான்கு பத்திகள். என் தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. அவன் பட்டியல் எதுவும் எழுதவில்லை. ஒலிபெருக்கியின் முன் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பான்.

தந்தை இறந்த மறு ஆண்டில் ஒரு நண்பகல் அச்சகத்திலிருந்து தலைவலியோடு வீடு திரும்பினேன். குளியலறையில் தம்பியும் அவன் நண்பர்கள் மூவரும் ஒரு வாளியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். வாளிக்குள் தட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. ஊறிய தாள்களை நகத்தால் சுரண்டி வட்டம் வட்டமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நீலமாகியிருந்தது.

எந்தத் தட்டிலிருந்து ஒலியை எடுத்தோம் என்று மற்றவர் அறியாதிருக்க அப்படிச் செய்வது அவர்களுக்குள் வழக்கமாம். ஒருவன் தேடிக் கண்ட ஒலி அவனுடைய செல்வம். அது கிடைத்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் எழுத்து தட்டில் இருக்கலாகாது. இதை நான் அன்று அறியேன். அறிந்திருந்தாலும் வேறு விதமாகப் பேசியிருப்பேன் என்று சொல்லமுடியாது.

"திருடன்கூட அப்பன் கையெழுத்த அழிக்கமாட்டான்டா" என்றேன், அந்த மூவர் கேட்க.

தம்பி தட்டை வாளியிலிருந்து எடுத்துத் தன் சட்டையாலேயே துடைத்தான். அந்த வாரமே பெட்டியையும் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு நண்பனொருவனின் அறைக்குப் போய்விட்டான்.

குறுந்தகட்டை நான் கேட்கத் தொடங்கியபோது என் செவிக்கு முதலில் பட்டவை பிழைகளே. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பிழை பார்த்தே பிழைத்தவனுக்கு வேறென்ன படும்? பக்கத்தில் காகிதம் வைத்துக்கொண்டு பென்சிலால் குறித்தேன்: முதல் துண்டில் தட்டின் கீறல் ஒலி நீக்கப்படவில்லை, இரண்டாவதில் தாளம் ஒரு கால் நொண்டுகிறது, மூன்றாவதில் ஒரே அடி நாற்பத்தெட்டு முறை வருகிறது. நாற்பத்தெட்டு என்று எண்ணியதை இரட்டைக் கோடிட்டு வைத்தேன். மருந்துக்கடைப் பெண்மணி சொன்னது போலத் தலை சுற்றத்தான் செய்தது.

நான்காம் நாள், பிற்பகல் உணவு முடித்துக் கைகழுவிக்கொண்டிருக்கையில், உள்ளே ஏழாவது துண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வயலின் மேலேறி, மேலேறி, உச்சிக்கு ஓரடி கீழே வந்ததும் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே போயிற்று. மறுபடி ஏறியது. ஈரக் கையோடு நின்றுவிட்டேன்.

அந்த வயலினை எனக்குத் தெரியும். விடுமுறை நாட்களில் தந்தை அந்தத் தட்டைப் போட்டுவிட்டுத்தான் கண்ணாடி முன் சவரம் செய்ய உட்காருவார். இசை அந்த ஏற்றத்துக்கு வரும்போது கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்து உயர்த்திப் பிடித்துக் காத்திருப்பார். வயலின் உச்சியைத் தொட்டு இறங்கிய பிறகே கத்தி மீண்டும் கன்னத்துக்கு வரும். ஒரு நாளும் அவர் அந்த இடத்தில் சிரைத்ததில்லை. அவர் காத்திருந்த அந்த மூன்று நொடியை மட்டும் என் தம்பி வெட்டி எடுத்திருந்தான். உச்சியைச் சேர்க்கவில்லை. அதற்கடியில் கனமான ஒரு முரசொலியை, நிதானமாக நடப்பவனின் காலடிபோல, வைத்திருந்தான். அந்தத் துண்டு நான்கு நிமிடம் ஓடுகிறது. நான்கு நிமிடமும் என் தந்தையின் கத்தி அந்தரத்திலேயே நின்றது.

அதன்பின் காகிதத்தில் குறித்த பிழைகளை ரப்பரால் அழித்துவிட்டு, முதலிலிருந்து கேட்கத் தொடங்கினேன்.

உடற்பயிற்சிக்கென்று வெளியிட்ட ஒரு தட்டு எங்களிடம் இருந்தது. ஒரு கம்பீரமான குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே போகும். அந்தக் குரலில் ஓர் எண்ணையும் அவர்கள் எடுக்கவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அவர் இழுக்கும் மூச்சை எடுத்து ஐந்தாவது துண்டின் தாளத்துக்குள் வைத்திருந்தார்கள். கேட்பவன் மார்பு தானாக விரிகிறது. வானொலிப் பெட்டிகளைச் சோதிக்கத் தந்தை வைத்திருந்த தட்டில் ஒரே சுருதியில் நீளும் ஒரு ரீங்காரம் உண்டு. அதைத் தாழ்த்தி ஒன்பதாவது துண்டுக்கு அடிநாதமாக்கியிருந்தார்கள். யாரும் முழுதாகக் கேட்டிராத ஓர் அயல்நாட்டு நாட்டிய இசைத்தட்டின் கடைசி எட்டு நொடியில் தனித்து ஒலிக்கும் முரசு நான்கு துண்டுகளில் நான்கு விதமாக வந்தது. நான் கீறல் என்று குறித்தது மழைபோல எங்கும் தூவிக்கிடந்தது. அதை நீக்கியிருந்தால் அந்த ஒலிகள் எந்த வீட்டிலும் வாழ்ந்தவையாக இராமல் போயிருக்கும்.

நாற்பத்தெட்டு முறை வந்த அடியையும் மறுபடி கேட்டேன். பதிகத்தில் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அதே தொடர் வரும்போது நான் எண்ணிக்கொண்டா இருக்கிறேன்? முதல் முறை அது செய்தி. பத்தாம் முறை அது நாம் நிற்கும் தரை. இத்தனை காலம் மரபுச் செய்யுளில் தோய்ந்தவன் என்று சொல்லிக்கொண்டவனுக்கு இது உறைக்க ஒரு வாரம் ஆயிற்று.

அந்த நாட்களில் என் வீட்டில் பேச்சு இருந்தது. "இதுவா? இது அந்தக் குழல் தட்டு, மூணாவது அடுக்குல இருந்தது" என்று நானே உரக்கச் சொல்லிக்கொள்வேன். பழைய பட்டியலைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். இரண்டு வாரத்தில் இருபத்தொரு மூலங்களைக் கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்ததை முறையாக எழுதினேன். எங்கள் தொழிலில் மூலம் காட்டாமல் எடுத்தாள்வது களவு. மூலம் காட்டிவிட்டால் அதே செயல் வணக்கம் ஆகிவிடுகிறது. உரையாசிரியர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் நேரக்குறிப்பு, எடுத்த தட்டின் பெயர், வெளியிட்டவர், வரிசை எண், எடுத்த நொடிகள், அதை அவர்கள் மாற்றிய விதம், மாற்றியதால் விளைந்த அழகு எனப் பன்னிரண்டு பக்கம் நிறைந்தது. சவரக் கத்தியைப் பற்றியே ஒன்றரைப் பக்கம். முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன சொல்லை ஒவ்வொரு அடிக்குறிப்பும் திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்று நம்பினேன். அவன் திருடனல்லன் என்பதற்கு இருபத்தொரு சான்றுகள். கையொப்பமிட்டு அனுப்பிவிட்டு, அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாம் நாளே பெண்மணி வந்தார். பக்கங்களைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"சார், இது என்ன?"

அணிந்துரை என்றேன்.

"இது குற்றப்பத்திரிகை சார்."

பிறகு பொறுமையாக விளக்கினார். அந்தத் தட்டுகளை வெளியிட்டவர்களுக்கு இன்னும் உரிமை உண்டு. இன்ன தட்டில் இன்ன நொடி என்று நாமே அச்சடித்துக் கொடுத்தால் இருபத்தொரு இடத்தில் அனுமதி கேட்கவேண்டும். ஓரிடத்தில் மறுத்தாலும் தொகுப்பு வெளிவராது. நான் அதைப் பற்றி ஒரு கணமும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. நான் பதிப்பித்த நூல்களின் ஆசிரியர்கள் எல்லாரும் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே காலமானவர்கள்.

"அது போகட்டும் சார்" என்றார். "இவங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்கு. எங்க எடுத்தேன்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே மாட்டாங்க. தெரிஞ்சாலும் வெளிய சொல்லமாட்டாங்க. அந்த மத்த மூணு பேரும் இன்னிக்கு வரைக்கும் வாயத் திறந்ததில்ல. கூடப் பொறந்தவரு நீங்க. நீங்க எழுதினத ஊசி அண்ணன் படிச்சா என்ன நினைப்பாரு?"

சுருண்டிருந்த பக்கங்களை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்து நீவினேன்.

"அன்னிக்கு மூணு பேர் முன்னாடி சொன்னத இன்னிக்கு முந்நூறு பேர் முன்னாடி சொல்றாருன்னு நினைப்பாரு."

வாளிக் கதை அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்னும் அவனிடம் காட்டவில்லை என்றும், காட்டப்போவதில்லை என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் தட்டுகளின் பெயரில்லாமல் ஒரு பக்கம் தந்தால் போதும். முடியாவிட்டால் வேறு யாரையாவது கேட்கவேண்டிவரும் என்று, என் முகத்தைப் பாராமல், என் புத்தக அலமாரியைப் பார்த்துச் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினார். "அந்தச் சவரம் பண்ற இடம் படிச்சிட்டு கடையில அழுதுட்டேன் சார். மருந்து வாங்க வந்தவரு, அது யாரோட மருந்துச்சீட்டுன்னு கேட்டாரு." சிரிக்க முயன்றுவிட்டுப் போனார்.

மூன்று நாள் எழுதிப் பார்த்தேன். மூலத்தைச் சொல்லாமல் பாராட்டுவதற்கு என்னிடம் இருந்த சொற்கள் எல்லாம் மேடைச் சொற்களாக இருந்தன. 'இனிமை' என்று எழுதி அடித்தேன். 'புதுமை' என்று எழுதி அடித்தேன். வேறு யாராவது எழுதட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அவன் கேட்டது என்னை. முப்பத்தோர் ஆண்டில் அவன் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அது. அதையும் மறுத்தால் எங்களுக்கு இனி மிஞ்சுவது எங்கள் இருவரில் ஒருவருடைய இழவு வீடுதான்.

வியாழன் மாலை ஐந்து வரி எழுதினேன். நால்வர் சேர்ந்து செய்த பதினொரு துண்டுகள் இவை என்று முதல் வரி. கீறல்களைப் பிழையென்று எண்ணவேண்டாம் என்று ஒன்று. ஒரு முறை கேட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டாம், நான் சொல்லித் தவறினேன் என்று மூன்றாவது. கடைசி இரண்டும் இவை: 'இதிலுள்ள ஒலிகள் சுழன்ற அதே வீட்டில் நானும் வளர்ந்தேன். நான் அவற்றின் பெயர்களை அறிந்திருந்தேன்; என் தம்பி அவற்றைக் கேட்டிருக்கிறான்.'

பெண்மணி அதைத் தொலைபேசியில் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு ஒப்புக்கொண்டார்.

பன்னிரண்டு பக்கம் மேசைமேல் கிடந்தது. கிழித்துப் போடுவதே அறிவுடைமை. எனினும் அந்தப் பக்கங்களில் ஒரு சொல்லும் உலகத்துக்காக எழுதப்பட்டதன்று என்பது அவற்றைத் திரும்பப் படித்தபோது விளங்கியது. உலகில் ஒருவனுக்கு மட்டுமே அது புரியும். அந்த ஒருவனையே அது புண்படுத்தவும் கூடும். ஒரு துண்டுத் தாளில் 'அச்சுக்கு அல்ல. வேறு படி இல்லை. நீ மட்டும் படி' என்று எழுதி இணைத்து, அவன் முகவரிக்கு அஞ்சலில் சேர்த்தேன். அஞ்சல் நிலையச் சாளரத்தில் இருந்தவர் முக்கியமான ஆவணமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

எட்டு நாள் ஒன்றுமில்லை. மெய்ப்புகள் வந்தன, திருத்தினேன், போயின. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்போதெல்லாம் தொலைபேசி என்று எண்ணினேன். இரண்டு ஒலிக்கும் ஒற்றுமை எதுவும் கிடையாது.

ஒன்பதாம் நாள், ஞாயிறு, உணவுத் தட்டின் முன் அமர்ந்திருக்கையில் மணி அடித்தது.

"நான்தான்" என்றான். பின்னால் ஏதோ மோட்டார் ஓடியது. ஞாயிற்றுக்கிழமையிலும் வேலையா என்றேன். ஒரு கிழவர் எட்டாம் மாடிக்கு ஏறமுடியாமல் கீழே உட்கார்ந்திருக்கிறார், அதனால் வந்தேன் என்றான். பிறகு மோட்டார் மட்டும் ஓடிற்று.

"பன்னெண்டு பக்கமும் படிச்சேன்."

"ம்."

"அப்பா சவரம் பண்றத எழுதியிருக்கியே."

"தப்பா?"

"நான் யார்கிட்டயும் சொன்னதில்லண்ணா. அந்த மூணு பேர்கிட்டகூட." குரல் சற்றுத் தாழ்ந்தது. "நீ அத கவனிச்சிருக்கன்னே எனக்குத் தெரியாது. நீதான் எப்பப் பாத்தாலும் பட்டியல் எழுதிட்டு இருப்பியே."

வாளியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். முப்பத்தோர் ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திச் செம்மை செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் இரண்டாம் சொல்லிலேயே அவன் இடைமறித்தான்.

"அத விடு. ஆறிப்போச்சு." ஆறியதா இல்லையா என்று அந்தக் குரலைக் கொண்டு தீர்மானிக்க முடியவில்லை. உடனே வேறு குரலில், தரையில் கன்னம் வைத்துப் படுத்திருந்தவனின் குரலில், சொன்னான்: "இருபத்தொண்ணு கண்டுபிடிச்சிருக்க. பதினெட்டு சரி."

"மூணு தப்பா?"

"மூணு தப்பு."

"எது எது?"

"சொல்லமாட்டேன். முப்பது வருஷமா எவனுக்கும் சொன்னதில்ல, மெய்ப்புத் திருத்துறவனுக்கு மட்டும் சொல்லிடுவேனா?" சிரித்தான். அந்தச் சிரிப்பின் நடுவில் யாரோ அவனைக் கீழிருந்து கூப்பிட்டார்கள். "கிழவர் கத்துறாரு. வைக்கிறேன். கண்டுபிடிச்சா கூப்பிடு."

உணவு ஆறியிருந்தது. உண்டேன்.

மறுநாள் காலையிலேயே மீண்டும் கேட்கத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை பத்து மணி அளவில் இரண்டாவது துண்டில் ஒரு தவறு அகப்பட்டது. நான் குழல் என்று எழுதியிருந்தது குழலன்று; எங்கள் தந்தை எல்லாவற்றுக்கும் கீழே, கந்தல் உறையில் வைத்திருந்த ஒரு தட்டில் ஒரு பெண் பாட்டைத் தொடங்குமுன் சுருதி சேர்க்க மெல்ல முனகுவாள், அதுதான். வேகத்தைக் கூட்டியதால் குழல்போல் கேட்டிருக்கிறது. பட்டியலில் அந்தத் தட்டு கடைசி வரியில் இருந்தது. ஐயமேயில்லை.

தொலைபேசியை எடுத்து அவன் எண்ணின் முதல் நான்கு இலக்கங்களை அழுத்தினேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

இதைச் சொல்லிவிட்டால் இன்னும் இரண்டு அழைப்புகள்தான் மிச்சம்.